சமய அமைப்பைச் சமன்செய்தல்: ‘சிவிலைசேஷன் 5’ ஆட்டத்துக்கான மாட் வழிமுறை

வியூக ஆட்டங்களில் சமயத்தை ஓர் இயக்கமுறையாக அமைப்பது படை, வணிகம், அறிவியல் ஆகியவற்றை அமைப்பதைவிடக் கடினமானது. ஏனெனில் படையை எதிர்ப்படையாலும் வணிகத்தைப் போட்டி வணிகத்தாலும் தடுக்க முடிகிறபோது, சமயத்தில் ஒருவர் முந்திப் பெற்ற நன்மையைப் பிந்தி வருபவர் அதே வழியில் பெறவே இயலாதபடி விதிகள் பெரும்பாலும் எழுதப்பட்டுவிடுகின்றன. சிட் மெய்யரின் பெயரைத் தாங்கிய ‘சிவிலைசேஷன்’ தொடரில் இச்சிக்கல் தெளிவாகத் தெரிகிறது. 2005இல் வெளிவந்த நான்காம் ஆட்டத்தில் ஏழு சமயங்கள் இருந்தன. குறிப்பிட்ட தொழில்நுட்பத்தை முதலில் கண்டறிந்தவர் அதற்குரிய சமயத்தை நிறுவினார். ஆனால் ஏழும் தரும் பலன்களில் வேறுபாடு எதுவும் இல்லை. 2010இல் வந்த ஐந்தாம் ஆட்டம் சமயமே இல்லாமல் வெளியாகி, 2012 ஜூனில் வந்த ‘காட்ஸ் அண்ட் கிங்ஸ்’ விரிவாக்கத்தில்தான் அதைப் புதிய வடிவில் பெற்றது. 2013இல் வந்த ‘பிரேவ் நியூ வேர்ல்டு’ அவ்வடிவத்தை மேலும் திருத்தியது. இந்த இயல் அந்த ஐந்தாம் ஆட்டத்தின் சமய அமைப்பை எடுத்துக்கொண்டு, ஆட்டக்காரர்களே எழுதும் மாட் எனப்படும் மாற்றத் தொகுப்புகளின் வழியாக அதை எவ்வாறு சமன்செய்யலாம் என்பதை விளக்குகிறது. எண்கள் யாவும் ‘ஸ்டாண்டர்டு’ வேகத்துக்கும் இரண்டு விரிவாக்கங்களும் சேர்ந்த பதிப்புக்கும் உரியவை.

சமன்செய்தல் என்ற சொல்லை எல்லாக் கோட்பாடுகளையும் ஒரே வலிமைக்குக் கொண்டுவருதல் என்று புரிந்துகொள்வோர் பலர். அப்புரிதலோடு தொடங்கும் மாட்கள் பலன்களின் அட்டவணையைத் திறந்து, வலியவற்றைக் குறைத்து எளியவற்றைக் கூட்டிக்கொண்டே போய், இறுதியில் எதைத் தேர்ந்தாலும் ஒன்றுதான் என்ற சலிப்பான நிலையை அடைகின்றன. இந்நூல் வேறொரு நிலைப்பாட்டை எடுக்கிறது: ஐந்தாம் ஆட்டத்தின் சமயச் சமனின்மைக்கு மூலகாரணம் கோட்பாடுகளின் பலனில் இருப்பதைவிடப் பக்தியின் வரவு வேகத்தில்தான் அதிகம் இருக்கிறது, ஆகவே வரவைச் சரிசெய்த பிறகே பலனைத் தொட வேண்டும்.

பக்தி எங்கிருந்து வருகிறது, எதற்குச் செலவாகிறது

பக்தி என்பது உணவு, உற்பத்தி, பொன் போல ஒவ்வொரு சுற்றிலும் நகரங்களில் சேரும் ஒரு விளைபொருள். அது 10 புள்ளிகளை எட்டியதும் முதல் ஆட்டக்காரர் ‘பாந்தியன்’ எனப்படும் தொல்தெய்வக் கோட்பாடு ஒன்றைத் தேர்ந்துகொள்கிறார். ஒருவர் தேர்ந்ததும் அடுத்தவருக்கான விலை 5 புள்ளி உயர்கிறது. பிறகு 200 புள்ளிகள் சேர்ந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தீர்க்கதரிசி தோன்றும் வாய்ப்பு உண்டாகிறது. அவரைக் கொண்டு சமயத்தை நிறுவும்போது, நிறுவியவருக்கு மட்டும் பயன்தரும் நிறுவுநர் கோட்பாடு ஒன்றும், அச்சமயம் பெரும்பான்மையாக உள்ள எந்த நகரத்துக்கும் பயன்தரும் பின்பற்றுவோர் கோட்பாடு ஒன்றும் கிடைக்கின்றன. அடுத்த தீர்க்கதரிசிக்கு 300, அதற்கடுத்தவருக்கு 500, பிறகு 800 என விலை ஏறிச் செல்கிறது. இரண்டாம் தீர்க்கதரிசி சமயத்துக்கு இன்னொரு பின்பற்றுவோர் கோட்பாட்டையும், பரவலுக்கோ போருக்கோ உதவும் வலுவூட்டும் கோட்பாடு ஒன்றையும் சேர்க்கிறார். ‘பயட்டி’ கொள்கை மரத்தில் உரிய கொள்கையை எடுத்தோருக்குச் சீர்திருத்தக் கோட்பாடு ஒன்றும் உண்டு.

இந்த அமைப்பில் இரண்டு விதிகள் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானவை. ஒருவர் எடுத்த கோட்பாட்டை இன்னொருவர் எடுக்க முடியாது என்பது முதல் விதி. எட்டு நாகரிகங்கள் ஆடும் ஸ்டாண்டர்டு அளவு வரைபடத்தில் ஐந்து சமயங்கள் மட்டுமே நிறுவப்படலாம் என்பது இரண்டாவது. இவ்விரண்டும் சேர்ந்து சமயத்தை ஒரு பந்தயமாக்குகின்றன. பந்திக்கு முந்து என்ற பழமொழி இங்கே அப்படியே பொருந்துகிறது: முந்தியவர் நல்ல கோட்பாட்டை எடுக்கிறார், அக்கோட்பாடு பெரும்பாலும் பக்தியையோ அதை ஈட்டும் வசதியையோ தருகிறது, அதனால் அவரே இரண்டாம் தீர்க்கதரிசியையும் முதலில் பெறுகிறார். கடைசி மூவருக்குச் சமயமே இல்லை. அவர்கள் தேர்ந்த தொல்தெய்வக் கோட்பாடும், அண்டை நாட்டுச் சமயம் அவர்களுடைய நகரங்களில் பெரும்பான்மை பெற்றதும், அந்நகரங்களில் செயலிழந்துவிடுகிறது. ஐந்தாம் ஆட்டத்தில் சமய வெற்றி என்று தனியொரு வெற்றிவகை இல்லை. அது 2016இல் வந்த ஆறாம் ஆட்டத்தில்தான் சேர்ந்தது. எனவே இங்கே சமயம் மற்ற வெற்றிகளுக்கான முதலீடாகவே இயங்குகிறது. முதலீட்டில் முந்துவதன் பயன் சுற்றுக்குச் சுற்று பெருகும் என்பதால் முதல் அறுபது எழுபது சுற்றுகள் மிகுந்த கனம் பெறுகின்றன.

பாலைநிலக் கோட்பாடு: ஒரு கணக்கு

மேற்சொன்னதை எண்களில் காண ‘டெசர்ட் ஃபோக்லோர்’ என்ற தொல்தெய்வக் கோட்பாட்டைவிடப் பொருத்தமான சான்று இல்லை. நகரத்தார் உழைக்கும் பாலைநிலக் கட்டம் ஒவ்வொன்றுக்கும் 1 பக்தி என்பதே அதன் பலன். வெறும் பாலைக்கட்டம் உணவோ உற்பத்தியோ தராத நிலம் என்பதால், அதற்கு ஈடாக இப்பலன் நியாயமானதாகவே படும். ஆனால் பாலையில் உள்ள குன்றுகள் உற்பத்தி தருகின்றன. ஆற்றோர வெள்ளச்சமவெளிகள் நல்ல உணவு தருகின்றன. இக்கட்டங்களும் பாலைக் கணக்கில் சேர்வதால், ஆட்டக்காரர் எதையும் இழக்காமலே பக்தியை ஈட்டுகிறார். பின்னர் அதே நகரத்தில் ‘பெட்ரா’ என்ற உலக அதிசயத்தையும் கட்டிவிட்டால், வெள்ளச்சமவெளி நீங்கலான பாலைக்கட்டங்கள் கூடுதல் உணவும் உற்பத்தியும் தந்து வளமான நிலமாகிவிடும்.

மூன்று நகரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சிற்றாலயம், ஒவ்வொன்றிலும் நான்கு பாலைக்கட்டங்களில் உழைப்பு என்று வைத்துக்கொண்டால், சிற்றாலயம் 1 பக்தி தருவதால் ஒரு நகரத்துக்கு 5, மொத்தம் சுற்றுக்கு 15 பக்தி சேர்கிறது. 200 புள்ளிகளுக்கு 14 சுற்றுகள் போதும். புல்வெளியில் அதே மூன்று நகரங்களையும் மூன்று சிற்றாலயங்களையும் கொண்ட, பக்தி தராத தொல்தெய்வக் கோட்பாட்டைத் தேர்ந்த இன்னொருவருக்குச் சுற்றுக்கு 3 பக்திதான். அவருக்கு 67 சுற்றுகள் ஆகும். இடைவெளி 53 சுற்று. அதற்குள் ஐந்து இடங்களும் நிரம்பிவிடலாம்.

இதைத் திருத்த வருவோர் முதலில் செய்ய நினைப்பது கோட்பாட்டின் பலனைப் பாதியாக்குவது. அது இயலாது, விளைபொருள்கள் முழு எண்களாகவே கணக்கிடப்படுவதால் 1 என்பதற்குக் கீழே 0 மட்டுமே உண்டு. இரண்டாவதாகத் தோன்றும் வழி தீர்க்கதரிசியின் விலையை உயர்த்துவது. வேகமாக ஓடுபவரைத் தாமதப்படுத்தும் என்ற எண்ணத்தில் பலர் இதைச் செய்கின்றனர். ஆனால் விலையை 300 ஆக்கினால் பாலைநிலத்தாருக்கு 20 சுற்றும் புல்வெளியாருக்கு 100 சுற்றும் ஆகி, இடைவெளி 53இலிருந்து 80ஆக விரிகிறது. விலையை 150 ஆகக் குறைத்தாலோ 10 சுற்றும் 50 சுற்றுமாகி இடைவெளி 40ஆகச் சுருங்குகிறது. விலை உயர்வு மெதுவாகச் சேர்ப்பவரையே அதிகம் தண்டிக்கிறது என்ற இந்தக் கணக்கை மாட் எழுதத் தொடங்குபவர் தாளில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

எனினும் விலைக் குறைப்பு இடைவெளியைச் சுருக்குமே தவிர விகிதத்தை மாற்றாது. ஐந்துக்கு ஒன்று என்ற வரவு வேறுபாடு அப்படியே நிற்கும். விகிதத்தை மாற்றுவது எல்லோருக்கும் பொதுவான வரவைக் கூட்டுவதே. சிற்றாலயத்தின் பக்தியை 1இலிருந்து 2ஆக்கினால் பாலைநிலத்தாரின் வரவு 18, புல்வெளியாரின் வரவு 6. அதாவது ஐந்துக்கு ஒன்று என்பது மூன்றுக்கு ஒன்றாகிறது. முன்னவர் 12 சுற்றிலும் பின்னவர் 34 சுற்றிலும் 200ஐ எட்டுகின்றனர். பாலைநிலத்தார் இன்னும் முந்துகின்றனர். அது சரியே, ஏனெனில் நிலத்துக்கேற்ற தேர்வுக்குப் பரிசு இருக்க வேண்டும். புல்வெளியாருக்கோ ஒரு போட்டி மீண்டும் உண்டாகிறது.

இவ்வொரு மாற்றத்தின் பின்விளைவுகளையும் உடனே கணக்கிட வேண்டும். மாயர்களின் தனிக்கட்டடமான பிரமிடு சிற்றாலயத்துக்குப் பதிலாக வருவது. அது 2 பக்தியும் 2 அறிவியலும் தருகிறது. பொதுச் சிற்றாலயம் 2 ஆனால் மாயர்களின் சமயச் சிறப்பு மறைந்துவிடும் என்பதால் பிரமிடை 3 ஆக்க வேண்டும். எத்தியோப்பியர்களின் ‘ஸ்டீலே’ நினைவுச்சின்னத்துக்குப் பதிலாக வந்து 2 பக்தி தருவது. அது சிற்றாலயத்தோடு கூடுதலாக நிற்பதால் அதைத் தொடத் தேவையில்லை. நகரை அடுத்துள்ள திருத்தப்படாத காடுகளால் பக்தி பெறும் கெல்டியர்களுக்கும் அதே நிலைதான். இம்மாற்றத்தால் பெரிதும் நன்மையடைவது பைசாந்தியம். சமயம் நிறுவும்போது வழக்கத்தைவிட ஒரு கோட்பாடு கூடுதலாகத் தேர்ந்துகொள்ளும் உரிமை அந்நாகரிகத்தின் தனிச்சிறப்பு. ஆனால் சமயத்தை நிறுவும் அளவுக்குப் பக்தி ஈட்டித் தரும் வழி எதுவும் அதற்குத் தனியே இல்லை. உயர் கடினநிலைகளில் கணினி ஆட்டக்காரர்கள் கூடுதல் சலுகைகளோடு தொடங்குவதால், பைசாந்தியத்தை எடுத்தவர் ஐந்து இடங்களில் ஒன்றையும் பிடிக்காமல் தன் தனிச்சிறப்பை ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல் ஆட்டத்தை முடிக்க நேர்கிறது. பொது வரவு உயரும்போது அவருக்குச் சிறப்புச் சலுகை எதையும் தனியே எழுதாமலே அந்நிலை மாறுகிறது. ஒரு நாகரிகத்தின் குறையைத் தீர்க்க அந்நாகரிகத்தையே திருத்துவது எப்போதும் சிறந்த வழி அன்று என்பதற்கு இது தெளிவான சான்று.

தற்செயலின் பங்கு

வரவில் நிலத்தைத் தவிரத் தற்செயலும் பெரும்பங்கு வகிக்கிறது. சமயவகை நகர அரசு ஒன்றை முதலில் சந்திப்பவருக்கு 8 பக்தி கிடைக்கிறது. முதல் தொல்தெய்வக் கோட்பாட்டின் விலையே 10 என்றிருக்க, ஒரு சாரணர் வடக்கே போனாரா தெற்கே போனாரா என்பது அதில் ஐந்தில் நான்கு பங்கைத் தீர்மானித்துவிடுகிறது. இயற்கை அதிசயங்களும் அப்படியே. இலங்கையின் சிவனொளிபாதமலை ‘ஸ்ரீபாத’ என்ற பெயரில் இவ்வாட்டத்தில் இடம்பெற்று 4 பக்தி தருகிறது. சீனாய் மலை 8 பக்தி தருகிறது. இயற்கை அதிசயத்துக்கு மேலும் 4 பக்தி சேர்க்கும் ‘ஒன் வித் நேச்சர்’ என்ற கோட்பாட்டைத் தேர்ந்தால் ஒரே கட்டத்திலிருந்து முறையே 8, 12 பக்தி வரும். சீனாய் அருகே நகரமைத்தவர் அந்த ஒற்றைக் கட்டத்தைக் கொண்டே 17 சுற்றில் 200ஐ எட்டிவிடலாம்.

தற்செயலை முற்றிலும் நீக்குவது இந்த ஆட்டத்தின் உயிரையே எடுப்பதாகும். புதிய நிலத்தைத் தேடிப் போய்க் காணும் வியப்புதான் தொடக்கச் சுற்றுகளின் சுவை. ஆகவே இயற்கை அதிசயங்களின் சொந்த விளைச்சலை விட்டுவிட்டு, அதன்மேல் அடுக்கப்படும் 4ஐ மட்டும் 2ஆகக் குறைப்பதே போதுமானது. தொல்தெய்வக் கோட்பாட்டின் விலையேற்றத்தையும் 5இலிருந்து 2ஆக்கலாம்: எட்டாவதாக வருபவர் இப்போது 45 புள்ளி தர வேண்டியிருக்க, திருத்தத்துக்குப் பின் 24 தந்தால் போதும். சமய எண்ணிக்கையின் உச்சவரம்பை ஐந்திலிருந்து ஆறாக்குவது ஏற்கத்தக்கது; எட்டாக்குவது கூடாது. நிறுவுநர் கோட்பாடுகள் ஒன்பதே உள்ளதால் எட்டாவது ஆளுக்கு இரண்டில் ஒன்றுதான் எஞ்சும் என்பது ஒரு காரணம். கிடைக்காமல் போகலாம் என்ற அச்சமே பக்தியில் முதலீடு செய்வதா வேண்டாமா என்ற முடிவுக்குப் பொருள் தருகிறது என்பது அதைவிட முக்கியமான காரணம்.

பலன்களைத் தொடும் முறை

வரவு சரியான பிறகும் சில கோட்பாடுகள் திருத்தம் வேண்டியே நிற்கும். அவற்றை ஒப்பிடும்போது ஆட்டத்தின் எந்தக் கட்டத்தில், எத்தனை நகரங்களோடு என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும். ‘டைத்’ என்ற நிறுவுநர் கோட்பாடு நான்கு பின்பற்றுவோருக்கு 1 பொன் தருகிறது. ‘சர்ச் பிராப்பர்ட்டி’ பின்பற்றும் நகரம் ஒன்றுக்கு 2 பொன் தருகிறது. நகரத்துக்கு எட்டுப் பின்பற்றுவோர் என்ற நிலையில் இரண்டும் சமம். பத்து நகரங்களில் இரண்டுமே 20 பொன். நகரங்கள் வளர வளர முதலாவதே மேலோங்கும். சிறு நகரங்களை ஏராளமாக மதம் மாற்றுபவருக்கு இரண்டாவதே நல்லது. ‘இனிஷியேஷன் ரைட்ஸ்’ ஒரு நகரம் முதன்முறை மதம் மாறும்போது 100 பொன் தருவது; பத்து நகரங்களில் ஒருமுறை கிடைக்கும் 1000 பொன்னை மேற்கண்ட 20 பொன் ஈடுகட்ட 50 சுற்றுகள் ஆகும் என்பதால், தொடக்கத்திலேயே பணம் தேவைப்படுபவருக்கு அது மதிப்புள்ளது. இம்மூன்றும் ஒன்றோடொன்று நன்றாகவே போட்டியிடுகின்றன, தொடாமல் விடலாம்.

‘பகோடா’ என்ற பின்பற்றுவோர் கோட்பாடு அப்படியன்று. பக்தி கொடுத்து வாங்கப்படும் அக்கட்டடம் 2 பக்தியும் 2 பண்பாடும் 2 மகிழ்ச்சியும் தருகிறது. மசூதி 3 பக்தி, 2 பண்பாடு, 1 மகிழ்ச்சி என்றும், கதீட்ரல் 1 பக்தி, 3 பண்பாடு, 1 மகிழ்ச்சியோடு ஒரு கலைப்படைப்புக்கான இடம் என்றும் அமைந்திருக்க, கூட்டுத்தொகையில் மூன்றும் நெருக்கமாகவே தோன்றும். ஆனால் இவ்வாட்டத்தில் ஒவ்வொரு புதிய நகரமும் 3 அதிருப்தியை உண்டாக்குகிறது, ஒவ்வொரு குடியும் 1 அதிருப்தியை உண்டாக்குகிறது. பேரரசின் விரிவை நிறுத்தும் தடை பெரும்பாலும் மகிழ்ச்சிக் குறைவே. எனவே 2 மகிழ்ச்சி ஒரு நகரத்தின் அடிப்படைச் சுமையில் பெரும்பகுதியை நீக்கிவிடுகிறது. பண்பாட்டின் 1 புள்ளியும் மகிழ்ச்சியின் 1 புள்ளியும் சமமல்ல. பகோடாவின் மகிழ்ச்சியை 1ஆக்கி, இழந்ததற்கு ஈடாகப் பண்பாட்டை 3ஆக்குவது நேர்மையான திருத்தம்.

எளிய கோட்பாடுகளை உயர்த்தும்போது அவற்றின் தன்மையைக் கெடுக்கக் கூடாது. நகரத்தின் தாக்குதல் வலிமையை 30 விழுக்காடு கூட்டும் ‘காடஸ் ஆஃப் புரொடெக்‌ஷன்’ தற்காப்புக்குரியது. அதை எடுப்பவர் பக்திப் பந்தயத்திலிருந்து தாமாகவே விலகுகிறார் என்பதே அதன் குறை. அதற்கு மேலும் 20 விழுக்காடு வலிமை சேர்ப்பதால் அக்குறை தீராது. மதிற்சுவர் உள்ள நகரத்துக்கு 1 பக்தி என்று சேர்த்தால் தீரும். கட்டடத்துக்கு விளைச்சல் சேர்க்கும் வசதி தரவுத்தளத்தில் ஏற்கெனவே உண்டு. சிற்றாலயத்துக்கும் ஆலயத்துக்கும் உணவு சேர்க்கும் ‘ஃபீட் தி வேர்ல்டு’ அவ்வாறுதான் எழுதப்பட்டுள்ளது.

சமயம் நிறுவாதோரை மறந்துவிடும் மாட்கள் ஏராளம். பின்பற்றுவோர் கோட்பாட்டின் பலன் நிறுவியவருக்கு மட்டுமின்றி அச்சமயம் நிலவும் எந்த நகரத்துக்கும் சேர்கிறது. பக்கத்து நாட்டுச் சமயத்தில் பகோடா இருந்தால் அதைத் தழுவிய நகரத்தாரும் தம் பக்தியில் அதை வாங்கலாம். ஆகவே பலனைக் கூட்ட வேண்டிய இடங்களில் நிறுவுநர் கோட்பாட்டைவிடப் பின்பற்றுவோர் கோட்பாட்டின் பக்கம் கூட்டினால், தோற்றவருக்கும் ஒரு வழி திறக்கிறது, எந்தச் சமயத்தைத் தம் நாட்டில் அனுமதிப்பது என்பதும் அவருக்கு ஓர் உண்மையான முடிவாகிறது.

தனித்தனியே தீங்கற்ற இரண்டு விதிகள் சேர்ந்து தீங்காவதும் உண்டு. ‘சேக்ரட் சைட்ஸ்’ என்ற சீர்திருத்தக் கோட்பாடு பக்தியால் வாங்கிய கட்டடம் ஒவ்வொன்றுக்கும் 2 சுற்றுலா ஈர்ப்பு தருகிறது. சுற்றுலா ஈர்ப்பு என்பது பண்பாட்டு வெற்றிக்கான அளவை. பொதுவாக ஒரு சமயத்துக்கு இரண்டு பின்பற்றுவோர் கோட்பாடுகளே உள்ளதால் நகரத்துக்கு இரண்டு கட்டடங்கள், 4 ஈர்ப்பு. பதினைந்து நகரங்களில் அது 60 ஆகிறது. கூடுதல் கோட்பாடு பெற்ற பைசாந்தியத்துக்கு 90 ஆகலாம். பெருங்கலைஞர்களின் படைப்புகளைத் தேடிச் சேர்த்துப் பெற வேண்டிய வெற்றியை, படைப்பே இல்லாமல் சிற்றூர்களை அடுக்கிப் பெறும் குறுக்குவழி இது. ஈர்ப்பை 1ஆக்குவதே எளிய மருந்து.

பரவல்

பரவலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஒரு நகரம் 10 கட்டத் தொலைவுக்குள் உள்ள ஒவ்வொரு நகரத்தின்மீதும் சுற்றுக்கு 6 அளவு சமய அழுத்தம் தருகிறது. ஆறு நகரங்கள் நெருங்கி நின்றால் எல்லையிலுள்ள அயல்நகரத்தின்மீது 36 அழுத்தம் விழும். ‘இட்டினரண்ட் பிரீச்சர்ஸ்’ தொலைவை 30 விழுக்காடு நீட்டி 13 கட்டமாக்குகிறது. நெருக்கமாக நகரமைப்பவரே இதில் எப்போதும் வெல்வதால், தொலைவை 8ஆகக் குறைத்து, மதபோதகரின் பங்கைக் கூட்டுவது நல்லது. போதகரை அனுப்புவதற்குப் பக்தி செலவாகிறது, எல்லை திறக்காத நாட்டில் அவர் சுற்றுக்குச் சுற்று வலிமை இழக்கிறார், அவரைத் தடுக்க எதிராளிக்கும் வழிகள் உண்டு. இருபக்கமும் முடிவெடுக்க இடமுள்ள ஒன்றை, தானாக நிகழும் அழுத்தத்துக்கு மேலாக வைப்பதே ஆட்டத்துக்கு உகந்தது.

எழுதுதலும் சோதித்தலும்

இத்திருத்தங்கள் யாவும் தரவுத்தள மாற்றங்களாகவே முடிபவை. ஆட்டம் தன் விதிகளை எஸ்கியூலைட் வகைத் தரவுத்தளத்தில் வைத்திருக்கிறது. மேம்பாட்டுக் கருவித்தொகுப்பில் உள்ள ‘மாட்படி’ என்ற மென்பொருளில் ஒரு புதிய திட்டத்தைத் தொடங்கி, எக்ஸ்எம்எல் அல்லது எஸ்கியூஎல் கோப்பில் மாற்றங்களை எழுதி, மாட் இயங்கத் தொடங்கும்போது தரவுத்தளத்தைப் புதுப்பிக்குமாறு அக்கோப்பைச் செயல்பட்டியலில் சேர்க்க வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டால் கோப்பு மாட்டுக்குள் இருந்தும் எதுவும் நிகழாது.

எஸ்கியூஎல்லில் திருத்தும்போது நிபந்தனைப் பகுதியில் மிகுந்த கவனம் தேவை. மாயர் பிரமிடின் பக்தியை 3ஆக்கும் கட்டளையில் கட்டடத்தின் பெயரை மட்டும் நிபந்தனையாக வைத்தால், அக்கட்டடத்துக்குரிய பக்தி வரி, அறிவியல் வரி ஆகிய இரண்டுமே 3ஆகிவிடும். விளைபொருள் பக்தி என்ற இரண்டாம் நிபந்தனையும் சேர்ந்தால்தான் ஒரு வரி மட்டும் மாறும். கட்டளையில் எழுத்துப் பிழை இருந்தால் ஆட்டம் நின்றுவிடாது, மாற்றம் மட்டும் நிகழாமல் போகும். அதனால் அமைப்புக் கோப்பில் பதிவை இயக்கி, ஒவ்வொரு முறையும் தரவுத்தளப் பதிவேட்டைப் படித்துப் பார்ப்பது வழக்கமாக வேண்டும்.

தரவுத்தளத்தால் இயலாதவற்றை, எடுத்துக்காட்டாக ஒரு நகரத்துக்கு மூன்று பாலைக்கட்டங்களுக்கு மேல் பக்தி இல்லை என்ற வரம்பை, லுவா நிரலால் எழுதலாம். ஆனால் கணினி ஆட்டக்காரர் கோட்பாடுகளை மதிப்பிட்டுத் தேர்வது தரவுத்தள எண்களைக் கொண்டே. லுவாவில் எழுதிய பலனோ வரம்போ அவர் கண்ணுக்குத் தெரியாது. மனித ஆட்டக்காரர் மட்டும் அறிந்த விதி சமன்செய்யும் விதியாகாது என்பதால், தரவுத்தளத்தில் முடிவதை அங்கேயே முடிப்பதுதான் முறை. அதற்கும் அப்பால் போக விரும்புவோருக்கு 2012இல் ஃபிராக்ஸிஸ் நிறுவனம் வெளியிட்ட மூல நிரல் உண்டு. ‘வாக்ஸ் பாப்புலி’ என்ற பெருந்தொகுப்பு அதன்மேல் எழுந்து, கோட்பாடுகளையும் புதிதாக வடித்திருக்கிறது. அவ்வகை மாட்கள் ஆட்டத்தின் மைய நூலகக் கோப்பையே மாற்றுவதால் ஒரே நேரத்தில் ஒன்றை மட்டுமே இயக்க முடியும்.

சோதனைக்கு ஒரே வரைபடத்தைத் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் பயன்படுத்த வேண்டும். கருவித்தொகுப்பின் ‘வேர்ல்டு பில்டர்’ வழியாகத் தொடக்க இடங்களை நிலையாகக் குறித்த வரைபடம் ஒன்றைச் செய்துகொண்டால் இது எளிது. ‘ஃபயர்டியூனர்’ என்ற துணைக்கருவியால் கணினி ஆட்டக்காரர்களைத் தாமாகவே நூறு சுற்றுகள் ஆடவைத்து, ஒவ்வொரு சமயமும் நிறுவப்பட்ட சுற்றைக் குறித்துக்கொள்ளலாம். கவனிக்க வேண்டிய எண் முதல் சமயத்துக்கும் கடைசிச் சமயத்துக்கும் உள்ள இடைவெளி. யார் முதலில் வந்தார் என்பதற்கு அவ்வளவு முக்கியத்துவம் இல்லை. நான்கைந்து வெவ்வேறு நிலவகைகளில் இதைச் செய்து, ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிற்றாலயம், விலையேற்றம், சமய எண்ணிக்கை மூன்றையும் ஒருசேர மாற்றினால் எது எதைச் செய்தது என்று பிரித்தறிய இயலாமல் போகும்.

பெயர்களைப் பற்றியும் ஒரு சொல் தேவை. ஐந்தாம் ஆட்டத்தில் சமயத்தின் பெயருக்கும் அதன் பலனுக்கும் தொடர்பு இல்லை; பௌத்தம், இந்து, இஸ்லாம், சீக்கியம் என எந்தப் பெயரையும் எந்தக் கோட்பாட்டோடும் சேர்க்கலாம், விரும்பினால் பெயரையே மாற்றிக்கொள்ளலாம். உண்மைச் சமயங்களுக்கு நிலையான பலன்களை ஒட்டிவிடும் மாட்கள் சிலருக்கு ஈர்ப்பாக இருக்கலாம். ஆனால் ஒரு மக்களின் வழிபாட்டை வலியது எளியது என்று எண்ணால் தரம்பிரிக்க வேண்டிய நிலைக்கு அவை எழுதுபவரைத் தள்ளுகின்றன. சமனும் கெடுகிறது, மரியாதையும் கெடுகிறது. ஆட்டத்தை உருவாக்கியோர் பிரித்து வைத்ததைப் பிரித்தே வைத்திருப்பது நன்று.

எண்ணை மாற்றியவர் விளக்க உரையையும் மாற்றியாக வேண்டும். கோட்பாட்டின் பலனும் அதைத் திரையில் காட்டும் வாசகமும் வெவ்வேறு அட்டவணைகளில் உள்ளன. பகோடாவின் மகிழ்ச்சி 1 ஆன பிறகும் திரையில் 2 என்றே இருந்தால் ஆட்டக்காரர் ஏமாற்றப்படுகிறார். ஆங்கிலமல்லாத மொழிகளில் ஆடுவோருக்காக அம்மொழிகளின் உரை அட்டவணைகளிலும் அதே திருத்தத்தைச் சேர்க்க வேண்டும். ஸ்டீம் வொர்க்‌ஷாப்பில் வெளியிடும்போது ஒவ்வொரு பதிப்பிலும் மாறிய எண்களைப் பழையது, புதியது என்று குறிப்பிட வேண்டும். நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தின் சேமிப்பு மாட்டின் பழைய பதிப்போடு பிணைந்திருப்பதால் புதிய ஆட்டத்தில் மட்டும் புதிய பதிப்பைப் பயன்படுத்துமாறும், மாட்கள் இயங்கும்போது சாதனைப் பதக்கங்கள் கிடைக்காது, பலர் சேர்ந்து ஆடும் முறையில் மாட்களுக்கு அதிகாரபூர்வ ஆதரவு இல்லை என்பதையும் முதல் வரிகளிலேயே தெரிவித்துவிட வேண்டும்.